உலகின் பணக்கார நகரம் துபாய்தானா?

ஏர்வாடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “பி.காம். முடித்திருக்கிறேன். உலகிலேயே பணக்கார நகரம் துபாய்தானே? ஒருவர் சிங்கப்பூர் என்கிறார், இன்னொருவர் நியூயார்க் என்கிறார். எதை நம்புவது? ஒரு காலத்தில் நம் கடற்கரையிலும் செல்வம் கொழித்தது என்கிறார்களே, அது என்ன ஆயிற்று?” கேள்வியை இரண்டு முறை படித்தேன். எந்த ஊரில் பணம் அதிகம் என்பது மேற்பூச்சு. அந்தப் பணம் அங்கே எப்படிச் சேர்ந்தது, நம்மிடம் ஏன் தங்கவில்லை என்பது அதற்கு அடியில் இருக்கிறது. அதற்கும் அடியில், அவர் வாய்விட்டுக் கேட்காத ஒன்று: எங்கே போனால் என் கையில் நாலு காசு மிஞ்சும்? மூன்றுக்கும் ஒரே ஊரின் பெயரைச் சொல்லித் தப்பிக்க முடியாது. பதில் நீள்வது அதனால்தான்.

நான் கீழக்கரைக்காரன். துபாயின் தேராப் பகுதியில், சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தரும் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் பதினோரு ஆண்டு கணக்கு எழுதினேன். பிறகு அதே தொழிலில் சிங்கப்பூரில் ஆறு ஆண்டு. பொருளாதாரத்தில் பட்டம் வாங்கியவன் இல்லை. துறைமுகத்தைப் பற்றியும் அதைச் சுற்றி ஓடும் காகிதங்களைப் பற்றியும் அடித்துப் பேசுவேன். லண்டன், நியூயார்க் பற்றி எழுதுவதெல்லாம் படித்தறிந்தது. அந்த ஊர்களில் நான் கால் வைத்ததில்லை.

முதலில் பட்டியல்கள். எங்கள் தெருவில் ஒரு பழைய வியாபாரக் குடும்பத்து வீட்டில் முத்துச் சல்லடைகளைப் பார்த்திருக்கிறேன். உள்ளங்கையில் அடங்கும் பித்தளைக் கிண்ணங்கள், அடியில் வரிசையாகத் துளைகள். முழுத் தொகுதி என்றால் பத்துக் கிண்ணம். முதல் கிண்ணத்தில் 20 துளை, கடைசியில் 1000 துளை. ஒரே குவியல் முத்தைப் பத்திலும் சலித்தால் ஒவ்வொன்றிலும் வேறு வேறு முத்து தங்கும். பணக்கார நகரப் பட்டியல்களும் அப்படித்தான். எந்தச் சல்லடை என்று சொல்லாமல் ஊர்ப் பெயரை மட்டும் சொல்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

நகரம் முழுவதிலும் ஓராண்டில் உற்பத்தியாகும் பொருள், சேவை அனைத்தின் மதிப்பையும் கூட்டினால் நியூயார்க்கும் டோக்கியோவும் உச்சியில் நிற்கும். இதில் ஐயமில்லை. ஆனால் டோக்கியோப் பெருநகரப் பரப்பில் ஏறத்தாழ 3.7 கோடிப் பேர் வாழ்கிறார்கள். அத்தனை பேர் வேலை செய்தால் தொகை பெரிதாகத்தான் இருக்கும். கூட்டுக் குடும்பத்தின் மொத்த வருமானத்தைத் தனிக்குடித்தனக்காரரின் சம்பளத்தோடு ஒப்பிடுகிற கதை இது.

சரி, தலைக்கு வகுத்துப் பார்க்கலாம் என்றால் அங்கே வேறு வேடிக்கை. தலா உற்பத்தியில் மொனாக்கோ 2 லட்சம் டாலரைத் தாண்டுகிறது. இரண்டு சதுர கிலோமீட்டர் பரப்பும் 40 ஆயிரத்துக்கும் குறைவான மக்களும் உள்ள இடம் அது. அங்கே வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் காலையில் பிரான்சிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்து மாலையில் திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் உழைப்பு கூட்டலில் சேரும், தலை எண்ணிக்கையில் சேராது. லக்சம்பர்க்கிலும் இதே கணக்குதான். அயர்லாந்து இன்னும் ஒரு படி மேல். 2015ஆம் ஆண்டில் அந்த நாட்டுப் பொருளாதாரம் 26 சதவீதம் வளர்ந்ததாக அறிவிப்பு வந்தது. டப்ளினில் யாரும் திடீரென்று இரு மடங்கு உழைத்துவிடவில்லை. பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் காப்புரிமைகள் போன்ற சொத்துகளை வரிக்காக அயர்லாந்துக் கணக்குப் புத்தகத்துக்கு மாற்றியதே அந்த வளர்ச்சிக்கு முக்கியக் காரணம். பிறகு அந்நாட்டுப் புள்ளிவிவரத் துறையே அந்த வீக்கத்தைக் கழித்துவிட்டு வேறொரு அளவுகோலை வெளியிடத் தொடங்கியது.

இந்தச் சல்லடையில் துபாய் எங்கே நிற்கிறது என்று நீங்களே போட்டுப் பாருங்கள், பி.காம். படித்தவர்தானே. 2023இல் துபாயின் மொத்த உற்பத்தி சுமார் 42,900 கோடி திர்ஹம். மக்கள்தொகை சுமார் 36.5 லட்சம். வகுத்தால் தலைக்கு ஒரு லட்சத்துப் பதினேழாயிரம் திர்ஹம் சொச்சம். ஒரு டாலருக்கு 3.67 திர்ஹம் என்பது பல ஆண்டுகளாக அசையாத விகிதம். அப்படிப் பார்த்தால் ஏறத்தாழ 32 ஆயிரம் டாலர். அதே ஆண்டில் சிங்கப்பூரில் 84 ஆயிரம் டாலருக்கு மேல். ஆக, தலைக்கு வகுத்தால் துபாய் முதலிடத்தில் இல்லை, அதன் அருகில்கூட இல்லை. கட்டடத்தின் உயரத்தைப் பார்த்து ஊரை எடை போட்டால் இது கண்ணில் படாது. வகுக்கும் எண்ணில் நம் ஊர்க் கொத்தனாரும் ஓட்டுநரும் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது சல்லடை, கோடீஸ்வரர்களின் எண்ணிக்கை. பத்து லட்சம் டாலருக்கு மேல் முதலீட்டுச் சொத்துள்ளவர்கள் நியூயார்க்கில் 3.8 லட்சத்துக்கும் மேல், சான்பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் 3.4 லட்சம், சிங்கப்பூரில் 2.4 லட்சம், துபாயில் 81 ஆயிரம் என்று 2025ஆம் ஆண்டுப் பட்டியல் ஒன்று சொல்கிறது. இந்த எண்களை நான் அப்படியே நம்பிவிட மாட்டேன். எவர் வீட்டு அலமாரியையும் திறந்து பார்த்து எடுத்த கணக்கில்லை, மதிப்பீடுதான். பட்டியலை வெளியிடும் ஹென்லி அண்ட் பார்ட்னர்ஸ், முதலீட்டுக்கு ஈடாக வசிப்புரிமையும் குடியுரிமையும் பெற வழிகாட்டும் தொழிலில் இருக்கிற நிறுவனம். தரகர் சொல்கிற மாப்பிள்ளை வருமானத்தை அப்படியே எழுதிக்கொள்ளும் பெண் வீட்டார் உண்டா? ஆனால் நியூயார்க் மேலே, துபாய் வேகமாக ஏறிவருகிறது என்ற போக்கில் தவறிருக்காது என்றே நினைக்கிறேன்.

பட்டியல் போதும். பணம் எப்படிச் சேர்கிறது என்பதற்கு, நான் நேரில் கண்டதைச் சொல்கிறேன். தேராக் கடற்கழியின் ஓரத்தில் எங்கள் அலுவலகம். ஜன்னலைத் திறந்தால் மரக்கலங்கள் வரிசையாக நிற்கும். நடைபாதையில் குளிர்சாதனப் பெட்டி, வெங்காய மூட்டை, மெத்தை என்று ஆள் உயரத்துக்கு அடுக்கியிருப்பார்கள். ஒரு முறை சீனாவிலிருந்து ஒரு கன்டெய்னர் டயர் வந்தது. ஜெபல் அலி துறைமுகத்தில் இறங்கி, கிடங்கில் சில நாள் கிடந்து, ஒன்பதாம் நாள் வேறொரு பில்லோடு சோமாலியாவுக்குப் போய்விட்டது. கோப்பை மூடும்போது அந்த ஒன்பது நாளில் யார் யாருக்குக் காசு போனது என்று சும்மா எண்ணிப் பார்த்தேன். துறைமுகக் கட்டணம், கிரேன், லாரி, கிடங்கு வாடகை, வாங்குபவர் சார்பில் வங்கி தரும் கடன் உறுதிக் கடிதத்துக்குக் கமிஷன், இன்ஷூரன்ஸ், ஏற்றிறக்குக் கூலி, எங்கள் முதலாளியின் கட்டணம், அதிலிருந்து என் சம்பளம், என் சம்பளத்திலிருந்து கட்டில் வாடகை. அந்த டயர்களில் ஒன்றுகூட துபாய்ச் சாலையில் உருளவில்லை. மறு ஏற்றுமதி என்று நாங்கள் சொல்வது இதைத்தான். ஒரு சரக்கு தன் ஊரைக் கடக்கும்போது அதில் எத்தனை பேர் எத்தனை முறை நியாயமாகக் கை வைக்க முடிகிறது என்பதில்தான் துறைமுக நகரத்தின் வருமானம் இருக்கிறது. கை அளவு மீறினால் சரக்கு அடுத்த ஊருக்குப் போய்விடும்.

அடுத்த ஊருக்குப் போகும் என்பதற்குத் துபாயே சாட்சி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எதிர்க்கரையில் ஈரானின் லிங்கா துறைமுகம் பெரிய ஊர். அங்கே பாரசீக அரசு சுங்க வரியைக் கடுமையாக்கியபோது துபாயை ஆண்டவர் தன் ஊரில் வரியை நீக்கினார். வியாபாரிகள் குடும்பத்தோடு கடல் தாண்டி வந்து குடியேறினார்கள். அப்போது துபாயின் தொழில் முத்துக் குளிப்பு. 1905இல் இலங்கையின் மன்னார்க் கரையில் நடந்த மாபெரும் முத்துக் குளிப்பில் கீழக்கரைக் குளியாளிகளும் வளைகுடா அரபிகளும் ஒரே கடலில் மூழ்கினார்கள் என்பது, இரண்டு ஊரிலும் வாழ்ந்த எனக்கு நினைக்கும்போதெல்லாம் சிலிர்ப்பூட்டும் செய்தி. ஜப்பானில் மிகிமோட்டோ வளர்ப்பு முத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதோடு 1929இன் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து வளைகுடாவின் முத்துத் தொழிலைப் படுக்கவைத்தது. 1930களில் துபாய் பஞ்சம் பார்த்த ஊர். நம் கரையும் அதுவும் அன்று ஒரே தட்டில்தான் இருந்தன.

பிறகு ஏன் அது ஏறியது? எண்ணெய் என்று எல்லோரும் சொல்வார்கள். பாதிதான் உண்மை. எண்ணெய் கண்டது 1966இல், ஏற்றுமதி தொடங்கியது 1969இல். அதற்கு முன்பே, 1950களின் இறுதியில், மணல் மூடிக்கொண்டிருந்த கடற்கழியைக் குவைத்திடம் கடன் வாங்கி ஆழப்படுத்தத் தொடங்கிவிட்டார் அப்போதைய ஆட்சியாளர் ஷேக் ராஷித். எண்ணெய்ப் பணம் வந்ததும் ராஷித் துறைமுகம், 1979இல் ஜெபல் அலி, 1985இல் அதை ஒட்டிய வரியில்லா வணிக மண்டலம் என்று எல்லாவற்றையும் சரக்கு கடக்கும் வழியிலேயே போட்டார்கள். இன்று துபாயின் உற்பத்தியில் எண்ணெயின் பங்கு 2 சதவீதத்துக்கும் குறைவு. (1966 வரை அங்கே செல்லுபடியானது நம் ரூபாய்தான், வளைகுடாவுக்கென்றே ரிசர்வ் வங்கி 1959இல் தனி நோட்டு அடித்தது. அந்த நாளில் அங்கிருந்து இந்தியாவுக்கு மரக்கலத்தில் வந்த தங்கத்தைப் பற்றி நம் கரைக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.) கடனில் கட்டிய ஊருக்குக் கடனால் வரும் ஆபத்தும் உண்டு. 2009 நவம்பரில் துபாய் அரசின் நிறுவனமான துபாய் வேர்ல்ட் கடன் தவணையைத் தள்ளிவைக்கக் கேட்டபோது, அபுதாபி ஆயிரம் கோடி டாலர் கொடுத்துத் தூக்கிவிட்டது. அந்த எண்ணெய்ச் சகோதரன் பக்கத்தில் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பது திறந்த கேள்வி. அந்த ஆண்டு என் சம்பளமும் மூன்று மாதம் நிலுவையில் நின்றது.

சிங்கப்பூர் கதை இதன் அண்ணன். 1819இல் வரியில்லாத் துறைமுகமாகத் தொடங்கியது. 1965இல் தனி நாடானபோது நிலமும் இல்லை, குடிநீரும் போதவில்லை. 1972இல் கன்டெய்னர் துறைமுகத்தைத் திறந்தார்கள், எண்ணெய் சுத்திகரிப்பை வளர்த்தார்கள், வங்கிகளை வரவழைத்தார்கள். நான் அங்கே கண்ட முக்கிய வேறுபாடு, பணம் குடிமக்களின் வீட்டுக்குள்ளும் போயிருக்கிறது. குடியிருப்பாளர்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் அரசு கட்டிய அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிறார்கள், அவர்களில் பெரும்பாலோர் சொந்தக்காரர்களாக. வெளிநாட்டுத் தொழிலாளிக்குத் தங்கும் விடுதிதான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

லண்டனில் சரக்கே தேவையில்லை. 2022 கணக்கெடுப்பின்படி உலக அந்நியச் செலாவணி வணிகத்தில் ஏறத்தாழ 38 சதவீதம் அங்கே நடந்தது. ரூபாயும் திர்ஹமும் மாறுவதற்கு லண்டன் மேசை, கப்பல் மூழ்கினால் வழக்குக்கு லண்டன் சட்டம். நியூயார்க்கும் துறைமுகமாக எழுந்த ஊர்தான். 1825இல் ஈரி கால்வாய் திறந்ததும் உள்நாட்டுத் தானியம் பெருமளவில் அதன் வாசலுக்கு வந்தது. தானியத்தின் பின்னால் வங்கி, வங்கியின் பின்னால் பங்குச் சந்தை. இன்று தானியம் போய்விட்டது, சந்தை இருக்கிறது.

இனி நம் கரை. வைகை கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே அழகன்குளத்தில் ரோமக் காசுகளும், கப்பல் கீறிய பானை ஓடும் கிடைத்திருக்கின்றன. பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளம். இவை உறுதியானவை. பதினான்காம் நூற்றாண்டு அரபுப் பயணி இப்னு பதூதா இறங்கிய ‘ஃபத்தன்’ பெரியபட்டினம்தான் என்று சில ஆய்வாளர்கள் சொல்வது ஊகம். நம் ஊர்ப் பெருமைக்காக அதை உண்மையாக்கிவிடக் கூடாது. கீழக்கரை மரைக்காயர்கள் கப்பல் வைத்து வணிகம் செய்தவர்கள், சீதக்காதி போன்ற வள்ளல்கள் அந்தச் செல்வத்தில் எழுந்தவர்கள் என்பதும் வரலாறு.

ஆனால் கணக்கன் கண்ணுக்கு வேறொன்று தெரிகிறது. மன்னார் முத்துக் குளிப்பில் அன்றன்று எடுத்த சிப்பியை மூன்று பங்காக்குவார்கள். இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளியாளிக்கும் படகுக்கும். அரசுப் பங்கை மாலையில் ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். மூச்சடக்கி மூழ்கியவனுக்கு அந்த ஏலத்தில் வாயில்லை. வளைகுடா முத்தும் தரம் பிரிக்க, விலை போட பம்பாய்க்குத்தான் வந்தது. அங்கிருந்து லண்டனுக்கும் பாரிசுக்கும் போனது. நம் சங்குக்கும் அதே விதி. குளிப்பது கீழக்கரையில், வளையலாவது வங்காளத்தில், விலை நிற்பதும் அங்கேதான். முத்தும் சங்கும் நம்மிடம் இருந்தன. விலை சொல்லும் மேசை நம்மிடம் நிலைக்கவில்லை. மரக்கலத்தின் இடத்தை நீராவிக் கப்பல் பிடித்ததும், ஆழமான துறைமுகங்களுக்குச் சரக்கு போய்விட்டது.

தனுஷ்கோடியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1914 முதல் ரயிலும் கப்பலும் சந்தித்த இடம். சுங்கச்சாவடி, தபால் நிலையம் எல்லாம் இருந்தது. ஆட்களும் மூட்டைகளும் கடந்துபோனார்கள், பெரிய வணிகம் வேர்விடவில்லை. 1964 டிசம்பர் புயல் வேலையை முடித்துவைத்தது. கடல் ஆழமில்லை என்பதும் உண்மையான தடைதான். இராமர் பாலத்து மணல் திட்டுகளில் சில இடங்களில் ஆள் நிற்கலாம். இந்தியாவின் மேற்கிலிருந்து கிழக்கே போகும் பெரிய கப்பல் இலங்கையைச் சுற்றித்தான் போகிறது. கொழும்புக்கு அது வரம். 2005இல் தொடங்கிய சேதுக் கால்வாய்ப் பணி நின்றுபோனது. துபாய் தோண்டியதே, நாம் ஏன் தோண்டக் கூடாது என்று கேட்பார்கள். மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் மேல் மண்ணைக் கொட்டிவிட்டு, மீன் இல்லாத கடலில் கப்பலை வேடிக்கை பார்க்க எனக்கு விருப்பமில்லை. இதில் என்னோடு உடன்படாதவர்கள் என் வீட்டிலேயே உண்டு.

வளைகுடாப் பணம் இத்தனை ஆண்டு வந்தும், 2018இல் மத்திய அரசு பின்தங்கிய மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தபோது தமிழ்நாட்டிலிருந்து விருதுநகரோடு இராமநாதபுரமும் அதில் இடம்பெற்றது. எங்கள் தெருவில் பளிங்குத் தரை போட்ட மாடி வீடுகள் வரிசையாகப் பூட்டிக் கிடக்கின்றன. ஒரு வீட்டில் காவலுக்கு இருக்கும் முதியவர் வாசல் திண்ணையில்தான் படுப்பார். உள்ளே பன்னிரண்டு அறை. பணம் ஊருக்கு வந்தது, வீடாக உறைந்துவிட்டது.

கடைசியாக உங்கள் கை. பட்டியலில் எந்த ஊர் முதலிடம் என்பது உங்கள் சம்பளத்தை ஒரு திர்ஹம்கூடக் கூட்டாது. அமீரகத்தில் தனிநபர் வருமான வரி இல்லை. வெளிநாட்டினருக்குக் குறைந்தபட்ச ஊதியம் என்று சட்டத்தில் ஒரு தொகையும் இல்லை. நான் முதலில் தங்கியது ஆறு பேர் அறையில் ஒரு மேல் கட்டில். அதற்கும் மாத வாடகை. நியமனக் கடிதம் வந்தால் மொத்தத் தொகையைப் பார்த்து மயங்காமல் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பாருங்கள். வேலையை விட்டு வரும்போது தரும் பணிக்கொடை அதை வைத்துத்தான்: முதல் ஐந்து ஆண்டுக்கு, ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் 30 நாள். படிகளை ஊதிவிட்டு அடிப்படையைச் சுருக்கினால், பத்தாண்டு கழித்து நீங்கள்தான் குறைவாக வாங்குவீர்கள். ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்பது அங்குள்ள சட்டம். இங்கே பதிவு பெற்ற முகவரும் 30 ஆயிரம் ரூபாயும் அதற்கான வரியும் தவிர வாங்க முடியாது. லட்சம் கேட்கும் காக்காவிடம் (எங்கள் பக்கத்தில் அண்ணனை அப்படித்தான் அழைப்போம்) சலாம் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். சிங்கப்பூரில் சம்பளம் நன்று, வாசல் குறுகல். எஸ் பாஸ் என்ற நடுத்தர அனுமதிக்கே 2025 செப்டம்பர் முதல் குறைந்தது 3,300 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) மாதச் சம்பளம் இருக்க வேண்டும். அங்கே வெளிநாட்டினருக்குச் சேமநிதியும் கிடையாது.

கிளம்புவதற்கு முன் தூத்துக்குடியில் ஏதாவது ஒரு கிளியரிங் அலுவலகத்தில் ஆறு மாதம் உட்காருங்கள், சம்பளம் சொற்பமாக இருந்தாலும். கப்பலில் ஏற்றிய சரக்குக்கான ரசீதாகிய பில் ஆஃப் லேடிங் வாசிக்க, சுங்கக் குறியீட்டு எண்ணைச் சரியாகப் போட, கடன் உறுதிக் கடிதத்தில் ஒரு எழுத்துப் பிழைக்காக வங்கி பணத்தை நிறுத்திவைப்பதைக் கண்ணால் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். நான் அதைக் கற்காமல் போனேன். முதல் இரண்டு ஆண்டு தேநீரும் நகலும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என்னோடு அதே மாதம் சேர்ந்த, தூத்துக்குடியில் வேலை பழகிவந்த காயல்பட்டினத்துப் பையன் மூன்றாம் மாதமே மேசையில் உட்கார்ந்துவிட்டான்.